வண்ணமீன் தெருவின் முதல் பக்கம்

தெய்வசிகாமணி தன் மனைவி குணவதியை உயிரோடு கடைசியாகப் பார்த்தது மணலேரி கூட்டுரோட்டில், ஒரு ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில். இரண்டு பேருக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, தண்ணீர் கட்டிய பாலிதீன் கவரில் இரண்டு ஏஞ்சல் மீன்களைப் பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல மடியில் ஏந்தியிருந்தாள். ஸ்கேன் எடுக்கப் போகிற இடத்தில் நர்ஸ் ஒருத்தி மீன் கேட்டிருந்தாளாம்.

"என்னங்க, நான் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்காதீங்க," என்றாள். "எதிர்க்கடை ஹாஜா நெட்டுல என்ன எழுதி வெச்சிருக்கான்னு பாருங்க. போன்ல தேடுனா அவன் கடை மட்டும் ஏன் மொதல்ல வருது? சாயங்காலம் எனக்குச் சொல்லணும்."

"சரி சரி, கவரைச் சாய்க்காம புடி."

ஆட்டோ போய்விட்டது. ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டதாக மதியம் போன் வந்தது. கவர் மடியிலிருந்து நழுவவே இல்லை, மீன் ரெண்டும் நல்லா இருக்குங்க ஐயா என்று அந்த நர்ஸ் அழுதுகொண்டே சொன்னாள்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய மறுநாளே அவர் கடையைத் திறந்தார். துக்கத்துக்காகக் கடையை மூடிவைக்கலாம், ஆனால் உள்ளே இருக்கிறவை மீன்கள், அவற்றுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டும். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவருக்குக் கல்லாவைத் தவிர அந்தக் கடையில் எதுவும் தெரியாது. கடை அவளுடையது, மீன்கள் அவளுடையவை, வாசல் பலகையில் இருந்த 'குணவதி வண்ணமீன்' என்ற பெயரும் அவளுடையது. நெட்டில் கடைக்கென்று ஒரு பக்கம் இருந்தது, அதையும் அவளேதான் போனில் தட்டித் தட்டி உண்டாக்கியிருந்தாள். கடையின் ஒரு போட்டோ, கீழே இரண்டு வரி: 'மீன் செத்துப்போனால் திட்ட மாட்டோம், ஏன் என்று சொல்லித் தருவோம். மத்தியானம் ஷட்டர் பாதி இறங்கியிருந்தால் சாப்பிடுகிறோம் என்று அர்த்தம், குரல் கொடுக்கவும்.'

அந்தத் தெருவுக்கு ஒரு முனையில் பஸ் நிறுத்தம், மறுமுனையில் ஏரி, இடையில் வரிசையாகப் பதினொரு மீன்கடைகள். பஸ்ஸை விட்டு இறங்குகிற குழந்தை எதுவும் மூன்று கடையைத் தாண்டி வெறுங்கையோடு நடந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் பஸ் நிறுத்தத்துப் பக்கம் கடை வைத்திருந்தவர்கள் கொழுத்தார்கள், ஏரிப்பக்கம் இருந்தவர்கள் ஈ ஓட்டினார்கள், இது தெரு பிறந்ததிலிருந்து இருந்த ஏற்பாடு. அந்த ஐப்பசியில் அடைமழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த ஒரு காலையில் இந்த ஏற்பாடு மாறியது.

முதலில் கண்டுபிடித்தது டீக்கடை முனிரத்தினம். பிள்ளையார் கோயிலை ஒட்டி இருந்த அவருடைய கடையிலிருந்து, முதல் கடைக்கு ஸ்ட்ராங், இரண்டாவதற்குச் சர்க்கரை இல்லாமல், மூன்றாவதற்கு ஆடை எடுத்து என்று வரிசைப்படி கம்பித் தூக்கில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு போவது அவர் வழக்கம். அன்றைக்கும் அப்படியே வைத்துக்கொண்டு போனார். இரண்டாவது டம்ளரை ஒரு வாய் குடித்த ஜெயசீலி அவரைத் திரும்பக் கூப்பிட்டாள். கோல்டு ஃபிஷ்ஷுக்கு அந்தத் தெருவிலேயே பேர் போன கடைக்காரி அவள்.

"என்னண்ணா, எனக்கும் சுகர் வந்துடுச்சின்னு முடிவு பண்ணிட்டியா?"

"நீ ஏன் ரெண்டாவது கடையில உக்காந்திருக்கே? உன் கடை ஏழாவதாச்சே?"

அப்போதுதான் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். ஒவ்வொரு கடையும் தன் சுவரோடும் ஷட்டரோடும் தொட்டிகளோடும், மாடியில் குடியிருந்தவர்களோடும், கொடியில் காய்ந்த அவர்கள் துணிகளோடும் சேர்ந்து இரவோடு இரவாக இடம் மாறி நின்றது. தண்ணீர் ஒரு சொட்டும் தளும்பவில்லை. யாரோ போனை எடுத்து 'மணலேரி வண்ணமீன் கடை' என்று தேடினார்கள். தேடல் பக்கத்தில் எந்தக் கடைக்குப் பின் எந்தக் கடை வந்ததோ அதே வரிசையில் தெருவும் நின்றது. "அதானே பார்த்தேன்," என்று ஜெயசீலி சர்க்கரை போட்ட டீ ஒன்றுக்குச் சொல்லிவிட்டுக் கடைக்குள் போனாள். பிள்ளையார் நகரவில்லை. முனிரத்தினமும் நகரவில்லை. இருவருக்கும் நெட்டில் பக்கம் கிடையாது.

அதற்குப் பிறகு தெரு சில நாளைக்கு ஒருமுறை, சில சமயம் தினமும், விடிவதற்குள் வரிசை மாறிக்கொண்டது, தெருக்காரர்களும் மழைக்குக் குடை எடுப்பதுபோல அதற்கு ஏற்றபடி மாறிக்கொண்டார்கள். தபால்காரர் கதவு எண்ணைக் கைவிட்டு ஆளைப் பார்த்துக் கடிதம் கொடுத்தார். மின்கம்பிகள் ரப்பர்போல நீண்டு சுருங்கியதால் ரீடிங் எடுக்க வருகிறவர் எந்த மீட்டர் யாருடையது என்று முதலில் டீக்கடையில் விசாரித்துவிட்டு வந்தார். மாடியில் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் முந்தைய நாள் வழி கேட்டுக்கொண்டு வந்து, தவறான வீட்டில் ஏறி, பஜ்ஜி சாப்பிட்டு, அந்த வீட்டுப் பெண்ணையே பிடித்துப்போய் நிச்சயம் செய்துகொண்டு போனது, இரண்டு வீட்டாருக்கும் அதில் வருத்தமில்லை, ஏனென்றால் அந்த இன்னொரு பெண் மேலே படிக்கத்தான் விரும்பினாள். கவுன்சிலர் தெருமுனையில் 'இத்தெருவின் கதவு எண்கள் மாறுதலுக்கு உட்பட்டவை' என்று ஒரு பலகை வைத்து, அதில் தன் போட்டோவையும் போட்டுக்கொண்டார்.

ஆனால் தேடல் பக்கம் ஒன்றில் பத்துக் கடைகளுக்குத்தான் இடம். பதினொன்றாவது எங்கே போகும்? அது கடல்ராணி கடைக்காரர் ஏகாம்பரத்துக்கு நடந்தபோதுதான் தெரிந்தது. ஒரு காலை அவர் வந்தபோது மாடியில்லாத அவர் கடை ஏரிக்குள் முழங்கால் ஆழத்தில் நின்றது. ஷட்டருக்கு அடியில் ஜிலேபிக் கெண்டைகள் நுழைந்து கப்பி மீன்களை விழுங்கிக்கொண்டிருந்தன. அவர் சில நாள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வியாபாரம் பார்த்தார். கடை இடுப்பளவுக்கு, பிறகு கழுத்தளவுக்கு என்று இறங்கிப் பெயர்ப்பலகையும் மறைந்த அன்று, அரக்கோணத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். குணவதி வண்ணமீன் அப்போது எட்டாவதாக நின்றது. அடுத்த வாரம் ஒன்பதாவதாக. அங்கிருந்து பார்த்தால் ஏரித் தண்ணீர் தெரிந்தது, காற்றடித்தால் அதன் வாடையும் வந்தது. அவளுடைய பொருளென்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்தக் கடை ஒன்றுதான். அதுவும் முழுகினால் அப்புறம் என்ன இருக்கிறது என்று தெய்வசிகாமணி தன்னையே கேட்டுக்கொண்டு போனைக் கையில் எடுத்தார்.

எதிராளியைப் படிப்பது அவருக்குப் புதிதில்லை. தனியார் பஸ்ஸில் அதுதான் பிழைப்பே. முன்னால் போகிற வண்டி எந்த நிறுத்தத்தில் எவ்வளவு கூட்டத்தை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது என்பதைத் தரையில் கிடக்கும் வேர்க்கடலைத் தோலை வைத்தே சொல்லிவிடுவார். ஹாஜா மைதீனின் 'பவளம் அக்வாரியம்' பக்கத்தையும் அவர் அப்படித்தான் படித்தார், வெயில் தெருவில் ஆள் நடமாட்டம் ஓய்ந்திருக்கும் மத்தியானங்களில், கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கி, புரியாததை வீடியோக்களில் மெதுவாக ஓடவிட்டுக் கேட்டு, மறுபடியும் படித்தார். ஹாஜா தன் பக்கத்துக்குத் தலைப்பாகக் கடைப் பெயரைப் போடவில்லை, 'மணலேரியில் வண்ணமீன் எங்கே வாங்கலாம்?' என்று, தேடுகிறவன் வாயில் வருகிற கேள்வியையே போட்டிருந்தான். உள்ளே பிள்ளைகளைக் கூட்டிவருகிற தாய்மார்கள் கேட்கிற கேள்விகள், மீன் ஏன் மேலே வந்து வாயைத் திறக்கிறது, ஊருக்குப் போனால் யார் சாப்பாடு போடுவது என்று அவர்கள் பேச்சிலேயே இருந்தன. சுற்றுவட்டார ஊர்ப் பெயர்களெல்லாம் இருந்தன. படங்கள் சிறியவை, தொட்டதும் வந்தன. குணவதி போட்டிருந்த ஒரே போட்டோவோ கனம் தாங்காமல் நாடகத்துப் படுதாபோல அங்குலம் அங்குலமாக இறங்கியது, அது முழுதாக இறங்குவதற்குள் பார்க்க வந்தவன் வேறு கடைக்குப் போய்விடுவான். இதையெல்லாம்விட முக்கியமாக, இரண்டு பள்ளிக்கூடங்களும் ஒரு பல் டாக்டரும் தங்கள் பக்கத்திலிருந்து ஹாஜாவின் பக்கத்துக்கு லிங்க் போட்டுச் சுட்டியிருந்தார்கள், அவர்கள் வராந்தாவில் இருந்த தொட்டிகளை அவன்தான் பராமரித்தான். நாலு பேர் கைகாட்டுகிற கடைக்குத்தான் தேடுபொறியும் ஆளை அனுப்புகிறது என்று அவருக்குப் புரிந்தது.

படத்தைச் சுருக்கினார், கடை ஏழாவது இடத்துக்கு ஏறியது. தலைப்பை மாற்றினார், ஆறு. ஏரி வாடை நின்றது. அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு முந்திப் போகத் துடிக்கிற டிரைவரின் வெறி பிடித்துவிட்டது. இனிமேல் ஒவ்வொன்றாக எதற்கு என்று ஹாஜாவின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை அப்படியே எடுத்துத் தன் பக்கத்தில் கொட்டினார், குணவதி எழுதிய இரண்டு வரிகளும் அதற்கு இடம்விட்டு அழிந்தன. மறுநாள் காலை கடை இரண்டாவதாக நின்றது. தெருவில் ஒருவன் செய்ததை எட்டுப் பேர் பார்த்தார்கள், எட்டுப் பேரும் அதையே செய்தார்கள், அரக்கோணத்திலிருந்தபடியே ஏகாம்பரமும் செய்தார். யாரும் எதையும் படித்துப் பார்த்துக் கொட்டவில்லை.

ஹாஜா மைதீன் வாசலில் வந்து நின்றான். நாற்பது வயது, எப்போதும் தோளில் ஈரத் துண்டு.

"அண்ணே, ஒரு சந்தேகம். நீங்க எங்க வாப்பாவுக்கு எந்த வகையில புள்ள?"

"என்ன தம்பி சொல்றே?"

"இந்தா, நீங்களே எழுதியிருக்கீங்க. 'எங்கள் தகப்பனார் மர்ஹூம் காதர் மைதீன் அவர்களால் தொடங்கப்பட்ட கடை.' உங்களோடது மட்டும்னா பரவாயில்ல. ஜெயசீலி அக்காவுக்கும் அவர்தான் தகப்பனாராம். தெருவுக்கே அவர்தானாம். எங்க உம்மா கேக்குறாங்க, 'என் மாப்பிள்ள, அதான் உங்க வாப்பா, மீன் புடிக்கப் போறேன்னு சொல்லிட்டு எங்கெங்கடா போனாரு'ன்னு."

தெய்வசிகாமணி நாக்கைக் கடித்துக்கொண்டார். "இன்னிக்கே எடுத்துடறேன்பா."

"எடுத்தீங்கன்னா எறங்கிடுவீங்களே அண்ணே. இருக்கட்டும்." அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உம்மா முடிவு பண்ணிட்டாங்க. வெள்ளிக்கிழம வாப்பா எறந்த நாளு, வருஷ ஃபாத்திஹா. எழுதுனவன் எழுதிட்டான், புள்ளைன்னு ஆனப்புறம் சோறு போடாம இருக்க முடியுமான்னு சொல்றாங்க. எல்லா வூட்டுக்கும் நெய்ச்சோறு வருது."

வந்தது. காதர் மைதீனை முகத்தால்கூட அறியாத பிள்ளைகள் எல்லோரும் அவர் பேரால் நெய்ச்சோறும் தால்ச்சாவும் சாப்பிட்டார்கள். ஜெயசீலி கேட்டு இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள், "கடைசிப் பொண்ணு நான், எனக்கு ஒரு பங்கு கூடுதல்தான்" என்றாள்.

மறுநாள் விடிந்தபோது தெருவில் ஒரே ஒரு கடை இருந்தது.

எல்லாப் பக்கமும் ஒன்றாகிவிட்ட பிறகு எதை முன்னால் வைப்பது எதைப் பின்னால் வைப்பது என்று தேடுபொறிக்கு விளங்கவில்லை, அது எல்லாவற்றையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு ஒரே வரியில் காட்டியது. தெருவும் அப்படியே செய்தது. பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு ஷட்டர், அதன்மேல் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த எல்லாப் பெயர்ப்பலகைகளும், மழையில் நனைந்த செய்தித்தாளில் மறுபக்கத்து எழுத்து தெரிவதுபோலத் தெரிந்தன. யார் சாவியைப் போட்டாலும் திறந்தது. ஜெயசீலி ஒரு கோல்டு ஃபிஷ்ஷுக்காக வலையை விட்டால் ஹாஜாவின் மோலி மீன் வந்தது. கல்லாவைத் திறந்தால் யாருடைய சில்லறையோ கிடைத்தது. ஒருவர் தும்மினால் எல்லோரும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். மாடியில் எல்லாக் குடும்பங்களும் ஒரே சமையலறையில் முறை வைத்துக்கொண்டு சமைத்தார்கள், கார்த்திகை விரதக்காரர்கள் கருவாட்டுக்காரர்களிடம் மணி கேட்டுக்கொண்டு அடுப்பு மூட்டினார்கள். ஏரிவரைக்கும் மீதித் தெரு வெறும் மண்ணாகக் கிடந்தது, அதில் ஆடுகள் மேய்ந்தன, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். ஃபைட்டர் மீன்கள் மட்டும், எதிரே இருப்பது யார் என்று குழம்பிச் சண்டையை விட்டுவிட்டன. எல்லோரும் முதல் இடத்தில் இருந்தார்கள், அதனால் யாருக்கும் குறை சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் கூட்டுக்கடைக்குள்தான் ஒரு பகல்பொழுது, இடுப்பில் குழந்தையும் கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக ஒரு பெண் வந்தாள். பாட்டிலுக்குள் ஒரு கோல்டு ஃபிஷ் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

"இங்க குணவதி அக்கா கடைன்னு ஒண்ணு இருக்குமே, எங்கங்க?"

"இதாம்மா," என்றார் தெய்வசிகாமணி.

அவள் சுற்றிலும் பார்த்தாள். "இது பவளம் இல்லீங்களா?"

அவர் சுட்டிக்காட்ட ஒரு பொருளைத் தேடினார். குணவதி உட்கார்ந்த முக்காலி, அவள் பிடி சுற்றி வைத்திருந்த நீலத்துணி வலை, எதையும் காணோம். கை எங்கே நீண்டாலும் யாருடையதோ தட்டுப்பட்டது. ஏரியில் முழுகாமல் காப்பாற்றிய கடை கரையிலேயே காணாமல் போயிருந்தது. அந்தப் பெண் கிளம்பத் திரும்பினாள்.

"நில்லும்மா," என்றார். தன் வாயிலிருந்து வருவது அவருக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. "ஒரு நாளைக்கு எத்தினி தடவ சாப்பாடு போடறே?"

"பாப்பா பாக்குறப்பல்லாம் போடுதுங்க."

"அதான். ரெண்டு நாளைக்கு ஒண்ணும் போடாதே. பைப்புத் தண்ணிய அப்படியே ஊத்தாதே, ஒரு நாள் பக்கெட்டுல வெச்சிருந்து ஊத்து. பசியில மீன் சாகாதும்மா, பாசத்துலதான் சாகும்."

"அக்காவும் இப்படித்தான் சொல்லுவாங்க," என்றாள் அவள்.

அவள் போன பிறகு அவர் அங்கேயே நின்றார். மீனைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் இத்தனை மாதம் நினைத்திருந்தார். ஆனால் ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் கல்லாவில் உட்கார்ந்து அவள் குரலைக் காதில் வாங்கிக்கொண்டுதானே இருந்திருக்கிறார்? வெள்ளைப் புள்ளி விழுந்த மீனுக்குக் கல்லுப்பு, மழைக்காலத்தில் தொட்டிக்குள் பல்பு, குட்டி போடப்போகிற கப்பியைத் தனியே பிரிப்பது, சின்னப் பிள்ளை அழுதுகொண்டு செத்த மீனைக் கொண்டுவந்தால் முதலில் அதன் பெயரைக் கேட்பது என்று எல்லாம் அவள் சொன்ன வார்த்தையிலேயே உள்ளே கிடந்தது.

அன்று மாலை எல்லோரும் டீக்கடையில் கூடினார்கள், தெருவில் உட்கார இடமிருந்தது அங்கேதான்.

"ஒருத்தன் பக்கத்தை ஒருத்தன் பார்க்கறது தப்பில்ல," என்றார் தெய்வசிகாமணி. "அவன்கிட்ட என்ன இருக்குன்னு பார்த்தோம், எடுத்துக்கிட்டோம். நம்மகிட்ட மட்டும் இருக்கிறது என்னன்னு யாரும் பாக்கல. அதை எழுதுவோம். நம்மகிட்ட இல்லாததுக்கு, அது எந்தக் கடையில இருக்கோ அந்தக் கடைக்குக் கைகாட்டுவோம். நான் கண்டக்டரா இருந்தப்ப, 'இது செங்குன்றம் போவாது, பின்னாடி வர்ற வண்டியில ஏறு'ன்னு சொல்லித்தான் ஆளை விடுவேன். பின்னாடி வர்றவன் எதிரிக் கம்பெனிதான்."

"கஸ்டமரை எதிர்க்கடைக்கு அனுப்பச் சொல்றியாண்ணா?" என்றாள் ஜெயசீலி. "உங்க பஸ் கம்பெனி உருப்பட்டுச்சா?"

"இன்னும் ஓடுது."

"எதிரிக் கம்பெனி?"

"அதுவும் ஓடுது."

"மொதல்ல நீங்க எறங்குங்க கண்டக்டரே, ஆழம் பாக்கலாம்," என்றார் முனிரத்தினம்.

மறுநாள் பகல் முழுக்க அவர் கோயில் நிழலில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார். ஹாஜாவிடமிருந்து எடுத்ததை ஒரு வரி விடாமல் அழித்தார், காதர் மைதீனை மரியாதையாக அவர் மகனிடமே ஒப்படைத்தார். குணவதி சொன்னதையெல்லாம் அவள் சொன்ன விதத்திலேயே எழுதினார். விற்காததையும் எழுதினார். எழுதி முடித்துப் பக்கத்தை வெளியிட்டார்.

விடிந்ததும் குணவதி வண்ணமீன் கூட்டுக்கடையிலிருந்து பிரிந்து நின்றது, ஆனால் ஏரியில் நின்றது. வாசல் படிகள் தண்ணீருக்குள் இருந்தன, தண்ணீர் ஷட்டரின் கடைசி மடிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தெய்வசிகாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப்போய் ஷட்டரைத் தூக்கினார். முக்காலி இருந்தது. நீலத்துணி சுற்றிய வலை இருந்தது. அவர் வலையை எடுத்து ஆணியில் இன்னும் மேலே மாட்டிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, மீன்களுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தார். தண்ணீர் தரையில் மெல்ல ஏறியது.

ஹாஜா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுந்தெருவில் நடந்து வந்தான்.

"அண்ணே, வெளிய வாங்க. தனியா எழுதுனீங்க, சரி. உங்கள யாரு கைகாட்டுறா? யாரும் கைகாட்டாத பக்கம் முழுகத்தானே செய்யும், இத நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்?"

"தெரியும்பா."

"தெரிஞ்சா?"

"யாராவது மொதல்ல காட்டணுமில்ல. நான் காட்டிட்டேன்."

ஹாஜா தண்ணீரில் நின்றபடியே போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் இளகியது, நடுவில் ஒரு இடத்தில் நின்று சத்தமாகவே படித்தான். "'தண்ணிச் செடி எங்களிடம் கிடையாது. ஹாஜா மைதீனிடம் போங்கள், அவன் கொடுத்த செடி அழுகாது. விலை கொஞ்சம் கூடுதலாகச் சொல்லுவான், பேரம் பேசுங்கள்.' ஏண்ணே, பேரம் பேசுங்கன்னு வேற போடணுமா?"

"உண்மைதானே?"

"உண்மைதான்." அவன் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கரைக்கு ஏறி, ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, அங்கேயே தட்டத் தொடங்கினான். 'மீனுக்கு உடம்பு சரியில்லையா? எனக்கு வைத்தியம் தெரியாது. குணவதி வண்ணமீனுக்குப் போங்கள்.' அதை அவன் அனுப்பிய நேரத்தில் கடைக்குள் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. மறுநாள் விடிவதற்குள் பவளம் அக்வாரியம் கூட்டுக்கடையை விட்டுப் பிரிந்து, குணவதி வண்ணமீனின் பக்கத்துச் சுவராக வந்து நின்றது, இரண்டும் சேர்ந்து கரைக்கு ஏறியிருந்தன, ஒன்றையொன்று சுட்டிய கடைகளைத் தெரு பிரித்து வைக்காது என்பது அப்படித்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் யாரும் யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. ஜெயசீலி தன் பக்கத்தை அழித்துவிட்டு, 'கோல்டு ஃபிஷ் தவிர வேறு எதைக் கேட்டாலும் எனக்குக் கோபம் வரும், அதற்கெல்லாம் கீழே உள்ள கடைகளுக்குப் போகவும்' என்று எழுதினாள், அதற்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் அவளைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் சாமந்தி நிறத்துக் கப்பியை மட்டும் எழுதினார், இன்னொருவர் உடைந்த தொட்டியை ஒட்டித் தருவதை எழுதினார், ஒவ்வொருவரும் எழுதி இன்னொருவரைக் கைகாட்ட, ஒவ்வொரு கடையாகப் பிரிந்து, மடித்த பாயை விரிப்பதுபோலத் தெரு பஸ் நிறுத்தத்திலிருந்து ஏரிவரை விரிந்தது. ஆடுகள் ஓரமாக ஒதுங்கிக்கொண்டன. மாடியில் விரதக்காரர்களுக்கும் கருவாட்டுக்காரர்களுக்கும் தனித்தனி அடுப்பு கிடைத்தது, ஆனாலும் பழகிய பாசத்தில் குழம்பு மட்டும் கிண்ணத்தில் போய்வந்தது. காதர் மைதீனை எல்லோரும் தங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், ஹாஜாவின் உம்மா மட்டும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, அடுத்த வருஷ ஃபாத்திஹாவுக்கும் எல்லா வீட்டுக்கும் நெய்ச்சோறு வந்தது.

தேடுபொறிக்கும் ஒன்று புரிந்திருக்க வேண்டும். ஒரு கடையைக் காட்டினால் அது பத்துக் கடையைக் காட்டியது, அதனால் கேட்கிற கேள்விக்கு ஏற்ற கடையை அந்தந்த ஆளுக்கு முதலாவதாகக் காட்டத் தொடங்கியது. தெரு இப்போதும் வரிசை மாறுகிறது, ஆனால் அதில் பயமில்லை. பஸ்ஸை விட்டு இறங்குகிற குழந்தை செடி கேட்டு அழுதால் அன்று செடிக்கடை முன்னால் நிற்கிறது, அழுகிற குழந்தையின் கையில் பாட்டிலும் சாய்ந்த மீனும் இருந்தால் குணவதி வண்ணமீன் நிற்கிறது. கடைசியாக மிஞ்சியது ஏகாம்பரம், சொந்தமாக ஒன்றும் எழுதாத அவர் கடை மறுபடியும் ஏரிக்குள் போயிருந்தது. அவர் கடையில் என்ன தனியாக இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை, அதனால் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தங்கள் பக்கங்களில் 'கடல்ராணி ஏகாம்பரம், பேச்சுத்துணைக்கு நல்ல மனிதர்' என்று எழுதிச் சுட்டினார்கள். ஒரு காலை, ஷட்டரெல்லாம் நத்தை ஒட்டிக்கொண்டு, கூரையில் அல்லிக்கொடி தொங்க, கடல்ராணி ஏரியிலிருந்து எழுந்து நின்றது. முனிரத்தினம்தான் போன் பண்ணினார். "உன் கடை வந்துடுச்சி, சீக்கிரம் வா, டீ ஆறுது."

அரக்கோணத்திலிருந்து முதல் வண்டியில் வந்து இறங்கிய ஏகாம்பரம் கடையைத் தடவித் தடவிப் பார்த்தார். உள்ளே தொட்டிகளில் ஜிலேபிக் கெண்டைகள் குடும்பத்தோடு இருந்தன. "இதை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார்.

"குழம்பு மீன் விக்கிற ஒரே வண்ணமீன் கடைன்னு எழுது," என்றாள் ஜெயசீலி. "நான் கைகாட்டறேன்."

குணவதி வண்ணமீனின் வாசல் படிகள் மட்டும் கடையோடு கரைக்கு வரவில்லை. தெய்வசிகாமணி ஷட்டருக்குக் கீழே செங்கல் அடுக்கி ஏறி இறங்குகிறார். மூன்று சிமெண்டுப் படிகள், ஏரியில், தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் இருக்கின்றன. அதில் பெண்கள் துணி துவைக்கிறார்கள்.